ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசி சீசன்: பிள்ளைகள் கரை சேர்ந்தார்கள், ஊர் என்ன ஆச்சு?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: நெட்ஃபிளிக்ஸில் வந்த ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரிஸில் நாலு சீசன் பார்த்தாயிற்று, கடைசியான ஐந்தாவதைத் தொடலாமா, பாதிப் பேர் "சொதப்பிட்டாங்க" என்கிறார்கள், பாதிப் பேர் "அழுதுட்டேன்" என்கிறார்கள், யாரை நம்புவது. கூடவே, அக்கா பையனுக்கு 11 வயது, அவனையும் உட்கார வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பையன் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

பாருங்கள், விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளின் கதையை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வளர்ந்த ஊரைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். என் மனக்குறை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

நான் தண்டையார்பேட்டைக்காரன். 1989இல் பிளஸ் டூ முடித்தேன். சீரிஸின் நாயகர்களான மைக், வில், டஸ்டின், லூகாஸ் என்ற நாலு நண்பர்களும் பள்ளி முடித்து வெளியே வருவதும் அதே 1989இல்தான். அதனால் எனக்கு அவர்கள் செட்டுப் பையன்கள் மாதிரி. பள்ளி முடித்ததும் ஒரு டெக் ரிப்பேர் கடையில் உதவிக்குச் சேர்ந்து, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் கடைக்குமாக நடந்து, அப்புறம் சொந்தமாக டிவி, வி.சி.ஆர்., டேப் ரெக்கார்டர் என்று இருபது வருஷத்துக்கு மேல் பார்த்தவன். 2017இல் என் மகள்தான் "அப்பா, இதுல ஒரு வாக்கி டாக்கி வருது, வந்து பாரு" என்று கூப்பிட்டாள். வாக்கி டாக்கி பார்க்கப் போய் உட்கார்ந்தவன், ஒன்பது வருஷமாக அதை விடவில்லை.

பழைய கால ஏக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதில் நமக்கு என்ன பங்கு என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஹாக்கின்ஸ் என்று ஒரு கற்பனை ஊர், அங்கே சைக்கிள் ஓட்டுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், இதில் வடசென்னைக்காரனுக்கு ஏங்க என்ன இருக்கிறது என்பார்கள். நிறைய இருக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் எல்லாம் நமக்கு பர்மா பஜார் வழியாகத்தான் வந்தது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் பக்கத்தில் ஒதுக்கிய கடைகள். வாக்மேன், டூ இன் ஒன், வி.எச்.எஸ். கேசட், ஹெட்போன், எல்லாம் அங்கேதான். எங்கள் தெருவில் டெக்கும் கலர் டிவியும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, விடிய விடிய மூன்று படம் பார்ப்போம். சைக்கிள் சொந்தமாக யாருக்கும் கிடையாது, ஹவர் சைக்கிள்தான். மொட்டை மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஒருத்தன் "வந்துச்சு, வந்துச்சு, ஐயோ போச்சு" என்று கத்துவான். மூன்றாவது சீசனில் 1985 ஜூலையில் ஹாக்கின்ஸ் ஊர் மால் எரிவதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தது வேறு நெருப்பு. அதே 1985, மே மாதம் நம்ம மூர் மார்க்கெட் எரிந்தது. பழைய புத்தகம், பழைய ரேடியோ சாமான் எல்லாம் சாம்பல். அப்பா மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அந்த வாசனையை நான் மறக்கவில்லை.

இன்னொரு விஷயம், ரிப்பேர்காரன் கண்ணுக்குத்தான் தெரியும். கடல் காற்றுப் படுகிற எங்கள் பக்கத்தில் கேசட்டை இரண்டு மழைக்காலம் சும்மா வைத்தால் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிடும். அதைத் தெரியாமல் டெக்கில் போட்டால் ஹெட்டெல்லாம் அடைத்து, படம் முழுக்கப் புள்ளி புள்ளியாய்ப் பறக்கும், ஆள் முகம் இழுத்துக்கொண்டு போகும். நம் உலகத்தின் இருண்ட நகலாகச் சீரிஸில் வருகிற அப்சைடு டவுனில் எந்நேரமும் மிதந்துகொண்டே இருக்கிற அந்த வெள்ளைத் தூசியை முதல் முறை பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது, நம் உலகத்தையே பூஞ்சை பிடித்த கேசட்டில் ஓட்டுகிற மாதிரி. சீரிஸை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் பிறந்ததே 1984இல்தான். எண்பதுகளை அவர்கள் அறிந்தது பெரும்பாலும் கேசட் வழியாகத்தான் இருக்க முடியும். அதனால்தானோ என்னவோ, அவர்கள் காட்டுகிற எண்பதுகளில் கேசட்டின் நிறம் இருக்கிறது.

சரி, கடைசி சீசனுக்கு வருவோம். மொத்தம் எட்டு எபிசோட். மூன்று தவணையாக விட்டார்கள்: அமெரிக்கக் கணக்கில் 2025 நவம்பர் 26 அன்று நாலு, கிறிஸ்துமஸ் அன்று மூன்று, டிசம்பர் 31 அன்று கடைசி ஒன்று. நமக்குக் கடைசி எபிசோட் வந்தது 2026 ஜனவரி 1, காலை ஆறரை மணிக்கு. முந்தின ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்கள் எல்லாம் ஹாரன் அடித்து, ராயபுரம் பக்கம் சர்ச்சுகளில் நள்ளிரவுப் பூசை முடிந்து, தெருவெல்லாம் புத்தாண்டுக் கோலம் போட்டு அடங்கியிருந்த நேரம். நானும் மகளும் தூங்காமல் கிடந்து பார்த்தோம். இரண்டு மணி நேரம் எட்டு நிமிஷம், ஒரு முழுப் படம். அமெரிக்காவில் அதைத் தியேட்டரிலும் போட்டார்கள். நம்ம அகஸ்தியா தியேட்டர் இருந்திருந்தால், அங்கே எழுபது எம்.எம். திரையில் இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. 1967இல் திறந்த தியேட்டர், 2020இல் மூடிவிட்டார்கள்.

இனிமேல் கதையைச் சொல்லித்தான் பேச முடியும். தெரிந்துகொள்ளாமல் பார்க்க வேண்டும் என்றால் இங்கேயே நிறுத்தி, பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

தொடக்கமே நெஞ்சைப் பிடிக்கிறது. 1983 நவம்பர், அப்சைடு டவுனில் தனியாக மாட்டிக்கொண்ட சின்ன வில். முதல் சீசனில் நாம் பார்க்காத அந்த நாட்களைக் காட்டுகிறார்கள். பயத்தில் நடுங்கிக்கொண்டு அண்ணன் சொல்லிக்கொடுத்த பாட்டை முணுமுணுக்கிறான். டெமோகார்கன் என்ற அந்த உலகத்து மிருகம் அவனை இழுத்துக்கொண்டுபோய் வில்லன் வெக்னாவிடம் சேர்க்கிறது. ஆக, இந்தக் கதை தொடங்கிய அந்தப் பையனிடமே திரும்பி வந்துவிட்டோம் என்று முதல் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடுகிறது. இது சரியான முடிவு. மூன்றாவது, நாலாவது சீசன்களில் வில் ஒரு ஓரத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

அப்புறம் கதை 1987க்குத் தாவுகிறது. நாலாவது சீசன் முடிவில் ஊரைப் பிளந்த வெடிப்புகளை இரும்புத் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள், ஊரைச் சுற்றி ராணுவம், யாரும் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாது. வெக்னாவைக் காணவில்லை. இந்தப் பிள்ளைகளின் மூத்த கூட்டாளிகளான ஸ்டீவும் ராபினும் ஒரு ரேடியோ ஸ்டேஷனை நடத்துகிறார்கள், அதுவே இவர்களின் மறைவிடம். ராபின் மைக்கில் சாதாரணமாகப் பேசுகிற பேச்சுக்குள் தங்கள் ஆட்களுக்குச் சங்கேதச் செய்தி வைக்கிறாள். ஊர்ப் போலீஸ் அதிகாரியாக இருந்த ஹாப்பர் அப்சைடு டவுனுக்குள் இறங்கி வெக்னாவைத் தேட, மேலே இந்த உலகத்தில் ஒரு வேன் ஆன்டெனாவோடு அவருடைய சிக்னலைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. சிக்னல் வருகிறது, குறைகிறது, போய்விடுகிறது. இந்த முதல் எபிசோடை மட்டும் நான் மூன்று தடவை பார்த்தேன். ஒரு ஆளின் உயிர் ஒரு மீட்டரின் முள்ளில் தொங்குவது எப்படி இருக்கும் என்று அதில் தெரிகிறது.

ஆனால் இந்த சீசனின் உண்மையான பலம் யாரும் எதிர்பார்க்காத இரண்டு பேர். ஒன்று ஹாலி, மைக்கின் தங்கை. நாலு சீசன் வரை சோபாவில் உட்கார்ந்திருந்த குழந்தை. இந்த முறை நெல் ஃபிஷர் என்ற சிறுமி அந்த வேஷத்தைச் செய்கிறாள், கதையின் பாதியைத் தோளில் சுமக்கிறாள். அவளிடம் "மிஸ்டர் வாட்சிட்" என்று ஒரு நல்ல மனிதர் வந்து பேசுகிறார், அவளுக்கு மட்டும் தெரிகிறார். கோட்டும் தொப்பியும், மென்மையான குரலுமாக வருகிற அந்த ஆள் வெக்னாதான் என்பது நமக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது. உடம்பெல்லாம் கொடி சுற்றிய வெக்னாவை விட இந்த நல்ல முகம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பிள்ளை பிடிக்கிறவன் கோர முகத்தோடு வருவதில்லை, மிட்டாயோடுதான் வருவான் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஜேமி கேம்ப்பெல் பவர் இரண்டு முகத்தையும் ஒரே ஆளாக நடித்திருக்கிறார்.

இன்னொருவர் ஹாலியின் அம்மா கேரன். இத்தனை வருஷமாக வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்த பெண். வீட்டுக்குள் டெமோகார்கன் வந்ததும் உடைந்த ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மகளுக்கு முன்னால் நிற்கிறாள். அவளிடம் சக்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. மகளைக் காப்பாற்றவும் முடியவில்லை, தானும் குத்துயிராகக் கிடக்கிறாள். அந்தக் காட்சியில் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு எபிசோடில் ஆஸ்பத்திரியில், தையல் போட்ட உடம்போடு எழுந்து வந்து அவள் செய்கிற காரியம் இருக்கிறதே, அதற்கு மட்டும் எங்கள் வீட்டில் கை தட்டினோம்.

நாலாவது எபிசோடைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். ராணுவ முகாமுக்குள் டெமோகார்கன்கள் இறங்கி அடிக்க, மைக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஓட, கேமரா வெட்டாமல் அவன் பின்னாலேயே ஓடுகிறது. முடிவில் வில் கையை நீட்டுகிறான், மூன்று டெமோகார்கன்கள் அந்தரத்தில் நின்று எலும்பு முறிகின்றன. அவன் மூக்கில் ரத்தம். ஒன்பது வருஷமாக எல்லோரும் காப்பாற்றிக்கொண்டே இருந்த பையன் முதல் தடவையாக மற்றவர்களைக் காப்பாற்றுகிறான். இந்த எபிசோடோடு முதல் தவணை முடிந்தபோது, இதுவரை வந்ததிலேயே இதுதான் சிறந்த சீசன் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது, ஐந்தாவது எபிசோடுகளை இயக்கியவர் ஃபிராங்க் டாரபான்ட், தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் எடுத்தவர். டெரெக் என்கிற அந்தக் குண்டுப் பையனை மூன்றாவது எபிசோடில் அவர் கையாளும் விதம், முதலில் எரிச்சல், அப்புறம் சிரிப்பு, அப்புறம் பாசம் என்று ஒரே மணி நேரத்தில் நம்மை நகர்த்திவிடுகிறது.

இரண்டாவது தவணையிலிருந்துதான் இறக்கம்.

எதற்கெடுத்தாலும் விளக்கம். அப்சைடு டவுன் என்பது தனி உலகம் இல்லை, இரண்டு இடங்களை இணைக்கிற பாலம், அந்தப் பக்கம் இன்னொரு உலகம் இருக்கிறது என்று டஸ்டின் கண்டுபிடிக்கிறான். யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல ஒரு காட்சி, சொன்னதை இன்னொரு குழுவுக்குச் சொல்ல ஒரு காட்சி, திட்டம் போட ஒரு காட்சி, போட்ட திட்டத்தை மறுபடி சொல்ல ஒரு காட்சி. பேய்க்கதைக்கு விளக்கம் ஒரு அளவுக்கு மேல் ஆகாது, தம்பி. மர்மதேசம் சன் டிவியில் ஓடிய காலத்தில் மறுநாள் என் கடைக்கு வருகிற ஆட்கள் எல்லாம் அதைப் பற்றித்தான் பேசுவார்கள், கருப்பு யார் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் பயத்தை வாரம் முழுக்க உயிரோடு வைத்திருந்தது. இங்கே நாம் பேசுவதற்கு எதையும் மிச்சம் வைக்காமல் அவர்களே பேசிவிடுகிறார்கள். மிச்சம் வைக்க வேண்டாத ஒரு இடத்தில் மட்டும் வைத்துவிட்டார்கள்: ஹென்றி, அதாவது வெக்னாவாக மாறுவதற்கு முந்தைய அந்தப் பையன், சின்ன வயதில் ஒரு குகைக்குள் பார்த்த மனிதன், அவன் பெட்டியில் இருந்த கல். அந்தக் கதை 2023 டிசம்பரில் லண்டனில் தொடங்கிய மேடை நாடகத்தோடு சேர்ந்தது. நாடகம் பார்க்காத நாம், வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்ற முக்கியமான இடத்தைப் பாதி புரிந்து பாதி புரியாமல் கடந்து போக வேண்டியிருக்கிறது. இது நியாயம் இல்லை.

அந்தப் புது உலகமும் மஞ்சள் நிறத்தில் ஒரு பாறைக்காடு. நம் வீடு, நம் பள்ளிக்கூடம், நம் லைப்ரரி, அதே இடம்தான் ஆனால் பூஞ்சை பிடித்து, இருட்டிக் கிடக்கிறது என்பதுதானே அப்சைடு டவுனின் பயமே. ஆள் இல்லாத பாலைவனத்தில் பெரிய பூச்சியோடு சண்டை போடுவதைப் பார்க்க எனக்கு எந்த நடுக்கமும் வரவில்லை. டெமோகார்கன்களின் சொந்த இடத்துக்கே போயும் ஒன்றைக்கூடக் காணோம். கடைசிச் சண்டை அதனால் பெரிதாக இருக்கிறதே தவிர கனமாக இல்லை. வில்லின் அம்மா ஜாய்ஸ் கோடாரியை எடுக்கிற நிமிஷம் வந்ததும்தான் கனம் திரும்புகிறது. முதல் சீசனில் தன் வீட்டுச் சுவரைக் கோடாரியால் பிளந்த அம்மா அவள். கணக்கை அவள் கையால் முடித்தது சரி.

இப்போது ஊர் விஷயம்.

முதல் சீசனை நினைத்துப் பாருங்கள். ஒரு பையனைக் காணோம் என்றதும் ஊர் மொத்தமும் டார்ச் எடுத்துக்கொண்டு காட்டில் வரிசையாக நடக்கும். வாத்தியார் வருவார், கடைக்காரர் வருவார், போலீஸ்காரர் தன் சொந்தத் துக்கத்தோடு வருவார். ஊர் ஓரத்தில் எரிசக்தித் துறை பேரில் ஒரு ஆய்வுக்கூடம், உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்தவன் வாயை மூட வைத்துவிடுவார்கள். இரண்டாவது சீசனில் ஒரு இடம் வரும். பார்ப் என்ற பெண் எப்படிச் செத்தாள் என்ற உண்மையைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று மைக்கின் அக்கா நான்சியும் வில்லின் அண்ணன் ஜோனதனும் அதைத் தண்ணீர் கலந்து, ஆய்வுக்கூடத்திலிருந்து நச்சு ரசாயனம் கசிந்தது என்று மாற்றி வெளியிடுவார்கள். உலகம் அதை நம்பும். ஜனங்கள் நம்பக்கூடிய அளவுக்கு அது சாதாரணமான விஷயம்.

எங்கள் பக்கத்தில் அது கதை இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது, வலையும் படகும் பாழாயின. அந்த எண்ணெய் போகும் முன்னே, டிசம்பர் 26 நள்ளிரவில் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தை குட்டியோடு ரோட்டில் ஓடினார்கள். என் அக்கா வீடு அந்தப் பக்கம். ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி, விடிவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கண் இரண்டும் சிவந்து, பேச முடியாமல் இருமல். இரண்டு நாள் கழித்து அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போனார்கள். வேறு எங்கே போவது?

அதனால் ஐந்தாவது சீசனில் ஹாக்கின்ஸை ராணுவம் அடைத்துவிட்டது என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை வருஷமாக அடைபட்ட ஊர். அரிசி பருப்பு எப்படி வருகிறது? உடம்பு சரியில்லை என்றால்? வெளியூரில் இருக்கிற பிள்ளை அம்மாவைப் பார்க்க வர முடியுமா? தெரு நடுவில் இரும்புத் தகடு, ராத்திரி அதன் அடியிலிருந்து என்ன சத்தம் வருகிறது? பூகம்பம் என்று சொன்ன பொய்யை இன்னும் யாராவது நம்புகிறார்களா? ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஊர் ஜனங்கள் பின்னணியில் நடந்து போகிறார்கள், அவ்வளவுதான். ஜனங்களை ஏன் வெளியேற்றவில்லை என்றாவது ஒரு வசனம் வைத்திருக்கலாம். ராபினின் ரேடியோவைக் கேட்கிற ஒரு வீட்டையாவது காட்டியிருக்கலாம், ஒரு கிழவி, ஒரு மெக்கானிக், யாராவது. முடிவில் எல்லாம் வெடித்து அடங்கியதும் கதை பதினெட்டு மாசம் தாண்டிக் குதிக்கிறது, ராணுவம் போய்விட்டிருக்கிறது, பட்டமளிப்பு விழாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். இத்தனை சிப்பாய்களைக் கொன்றவர்களை ஏன் சும்மா விட்டார்கள், ராணுவத்தின் ஆராய்ச்சியை நடத்திய, லிண்டா ஹாமில்டன் நடித்த அந்த டாக்டர் கே என்ன ஆனாள், பதில் இல்லை. டெர்மினேட்டர் கேசட்டைத் தேயத் தேயப் பார்த்தவன் நான், அந்த அம்மாவுக்கு இதைவிட நல்ல வேஷம் கொடுத்திருக்க வேண்டும்.

தப்பு செய்தவன் பதில் சொல்லாமலே போய்விடுகிறான் என்பது உலக நடப்புதான். ஆனால் அந்த நடப்பைக் காட்டுவது வேறு, அதை மறந்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போவது வேறு. முதல் சீசனை எழுதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தனக்குப் பெண்கள் மேல் ஈர்ப்பு இல்லை, ஆண்கள் மேல்தான் என்று வில் தன்னைப் பற்றிச் சொல்கிற காட்சியைப் பற்றி நிறையத் திட்டு வந்தது. அதில் பாதி, அந்த விஷயமே பிடிக்காதவர்கள் திட்டியது, அதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. எங்கள் கூட்டத்திலும் அப்படி ஒருத்தன் இருந்தான். அவன் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, 1992வாக்கில் பம்பாய்க்குப் போனவன் திரும்பவே இல்லை. அதனால் அந்தப் பையன் அம்மா, அண்ணன், நண்பர்கள் முன்னால் நின்று சொல்லி முடித்து, எல்லோரும் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. காட்சி இருக்க வேண்டியதுதான். வைத்த இடம்தான் தப்பு. உலகம் அழியப் போகிறது, நேரம் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, சரியாகப் பழக்கம் இல்லாதவர்கள்கூட நிற்கிற ஒரு அறையில் வைத்துவிட்டார்கள். நாலாவது எபிசோடில் ராபினும் அவனும் தனியாகப் பேசுகிற காட்சி அதைவிட எத்தனையோ மேல்.

ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த, மனசாலேயே எதையும் அசைக்கிற பெண் இலெவன். அவள் விஷயத்துக்கு வருகிறேன், உங்களுக்குள்ளும் அந்தக் கேள்விதான் வரும். அப்சைடு டவுன் இடிந்து மறையும்போது அவள் உள்ளேயே நின்றுவிடுகிறாள். தன் ரத்தம் இருக்கும் வரை இந்த ஆராய்ச்சிகள் நிற்காது என்பது அவள் கணக்கு. மைக் வெளியிலிருந்து கத்துகிறான், பின்னால் 1984இல் வந்த பர்ப்பிள் ரெயின் பாட்டு ஓடுகிறது. கடைசியில் மைக், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் கதை சொல்கிற சாக்கில் இன்னொரு முடிவைச் சொல்கிறான்: நாம் பார்த்தது அவளோடு அதே ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த காளி என்ற பெண் உண்டாக்கிய மாயத் தோற்றம், இலெவன் தப்பித்து மூன்று அருவிகள் விழுகிற ஒரு ஊருக்குப் போய்விட்டாள் என்று. நிஜமா, பையன் தன்னைத் தேற்றிக்கொள்ள உண்டாக்கியதா என்று சொல்லவே இல்லை. "நான் நம்புகிறேன்" என்று மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். என் மகள் அவள் உயிரோடு இருக்கிறாள் என்கிறாள். எனக்கு அவள் செத்துவிட்டாள் என்றுதான் படுகிறது. அதனாலேயே அவர்கள் நம்புவது எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்தக் கடைசி நாற்பது நிமிஷத்துக்காகவே இந்த சீசனை மன்னித்துவிடலாம். ஆட்டம் முடிந்து அவரவர் நோட்டை அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டுப் படியேறுகிறார்கள். ஹாலியும் டெரெக்கும் அவர்கள் கூட்டாளிகளும் திடுதிடுவென்று ஓடி வந்து அதே மேசையில் உட்காருகிறார்கள். மைக் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறான். எங்கள் கூட்டத்துக்கு அந்த மேசை கேரம் போர்டுதான். தெருமுனையில் நாலு செங்கல் அடுக்கி, மேலே நூறு வாட் பல்பு தொங்கவிட்டு, போரிக் பவுடர் தூவி ஆடியது. 1990இல் ஒருத்தன் ஹார்பர் வேலைக்குப் போனான், ஒருத்தன் துபாய்க்கு, நான் கடைக்கு. போர்டை என் தம்பி செட்டிடம் கொடுத்தோம். மூலையில் தேய்ந்த இடத்தில் ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும், பார்த்து அடிங்கடா என்று சொல்லிக் கொடுத்தது நான்தான். மைக் கதவைச் சாத்துகிற ஷாட்டில் எனக்கு அந்த இடது பக்க இழுப்புதான் ஞாபகம் வந்தது.

ஹாப்பர் ஜாய்ஸைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டு, மொன்டாக் என்ற ஊருக்குப் போகலாம் என்கிறாரே, அதைக் கவனியுங்கள். இந்த சீரிஸுக்கு முதலில் வைத்த பெயரே மொன்டாக்தான்.

இப்போது உங்கள் அக்கா பையன். முதல் மூன்று சீசனை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தாராளமாகக் காட்டலாம், மூன்றாவதில் மட்டும் மனித உடம்பு கரைந்து ஒன்று சேர்கிற காட்சிகளில் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாலாவது இப்போது வேண்டாம். வெக்னா எலும்பை முறித்துக் கண்ணைக் குடைகிற காட்சிகள் 11 வயதுக்குத் தாங்காது, பெரியவர்களுக்கே ராத்திரி கனவில் வரும். நாலைப் பார்க்காமல் ஐந்து புரியாது, அதனால் இரண்டையும் இரண்டு மூன்று வருஷம் தள்ளிப் போடுங்கள், அதுவரை முதல் சீசனே அவனுக்குப் போதும். ஹெட்போன் வேண்டாம், டிவியில் போடுங்கள், அறையை முழு இருட்டாக்க வேண்டாம். நடுவில் லைட்டைப் போடச் சொன்னால் ஏன் என்று கேட்காமல் போட்டுவிடுங்கள்.